கையால் செய்தவை: மதிப்பும் ஈர்ப்பும்

ஒரே நிறமும் ஒரே எடையும் கொண்ட இரண்டு பட்டுச் சேலைகளில் ஒன்று கைத்தறி, மற்றொன்று விசைத்தறி என்றால் கைத்தறிக்குத்தான் விலை அதிகம். மண்குவளை, வெண்கலச் சிலை, கோரைப்பாய், மரச்சாமான் என எதை எடுத்தாலும் நிலைமை இதுதான். அதே பொருளை இயந்திரம் குறைந்த நேரத்தில், குறைந்த செலவில், பிசிறில்லாமல் செய்து தருகிறது. ஆனாலும் கையால் செய்ததற்குக் கூடுதலாகக் கொடுக்க ஆள் இருக்கிறது. அந்தக் கூடுதல் விலை எதற்காக என்ற கேள்விக்குக் கடந்த 170 ஆண்டுகளில் பல விடைகள் சொல்லப்பட்டுள்ளன. பொருளின் தரம், செய்தவரின் சுதந்திரம், அழகு, அறம், அன்பு, அந்தஸ்து ஆகியவை அவற்றில் முக்கியமானவை. ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. எல்லாம் ஒரே பொருளில் சேர்ந்து அமைவதுதான் அரிது. ஒன்றுக்குப் பொருந்தும் நியாயத்தை இன்னொன்றுக்கும் பொருத்திப் பேசுவதால்தான் கைவினை பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் குழம்பிப் போகின்றன.

எது கைப்பொருள்?

கருவியே இல்லாமல் வெறுங்கையால் செய்யப்படும் பொருள்கள் மிகச் சில. குயவரின் சக்கரமும் கருவிதான். தறி அதைவிடச் சிக்கலான கருவி. மின்சார மோட்டாரில் சுழலும் சக்கரத்தில் வனைந்த பானையையும் கையால் வனைந்தது என்றே மக்கள் ஏற்கிறார்கள். காஞ்சிபுரத்துக் கைத்தறிகளுக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. துளையிட்ட அட்டைகளால் இயங்கும் இந்தப் பொறி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் உருவானது. சேலையில் மயில் எங்கே வரவேண்டும், யாளி எங்கே வரவேண்டும் என்பதை நெசவாளியின் கை முடிவு செய்வதில்லை. அட்டை முடிவு செய்கிறது.

சட்டம் இதற்கு எளிய வழி கண்டிருக்கிறது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுக் கைத்தறிச் சட்டம், விசைத்தறி அல்லாத தறி எதுவும் கைத்தறி என்கிறது. தறியை ஓட்டும் விசை எங்கிருந்து வருகிறது என்பதே இங்கு அளவுகோல். சில ரகங்களைக் கைத்தறிக்கென ஒதுக்கிவைக்க இந்த வரையறை போதும். கைப்பொருளுக்கு ஏன் மதிப்பு என்பதை அது விளக்காது. காலால் மிதித்தாலும் மின்சாரத்தால் ஓட்டினாலும் தையல் இயந்திரத்தின் தையல் ஒன்றுதான்.

இதைவிடப் பயனுள்ள பிரிவினையைச் செய்தவர் டேவிட் பை. மரவேலைக் கலைஞரான இவர் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் அறைகலன் வடிவமைப்புப் பேராசிரியராக இருந்தவர். 1968இல் வெளியான ‘தி நேச்சர் அண்ட் ஆர்ட் ஆஃப் வொர்க்மன்ஷிப்’ என்ற நூலில், கையால் செய்தது என்பது தொழில்நுட்பம் சார்ந்த வகைப்பாடே அல்ல, சமூகமும் வரலாறும் சார்ந்த வகைப்பாடு என்று அவர் வாதிட்டார். அதற்குப் பதில் வேலையை இரண்டாகப் பிரித்தார். ஒன்றில், வேலை முடியும்வரை எந்தக் கணத்திலும் பொருள் கெட்டுப்போகலாம். விளைவு செய்பவரின் கவனத்தையும் பக்குவத்தையும் பொறுத்தது. மற்றொன்றில், வேலை தொடங்கும் முன்பே விளைவு முடிவாகிவிடுகிறது. பேனாவால் எழுதுவது முதல் வகை, அச்சிடுவது இரண்டாம் வகை. முதல் வகையை அவர் இடர் உள்ள வேலை என்றும், இரண்டாவதை உறுதி உள்ள வேலை என்றும் அழைத்தார். பெரும்பாலான பொருள்களில் இரண்டும் கலந்தே இருக்கும். கருவியிலும் அச்சிலும் வார்ப்புருவிலும் உறுதி சேரச் சேர, செய்பவரின் தீர்ப்புக்கு இடம் குறையும். கைப்பொருள் என்று மக்கள் மதிப்பதன் சாரம், இந்தத் தீர்ப்பு கடைசிவரை செய்பவரிடமே இருப்பதுதான்.

கருத்தின் வரலாறு

ஆலைகள் வருவதற்கு முன் எல்லாப் பொருளும் கையால் செய்ததே. ஆகவே கையால் செய்தது என்பது ஒரு சிறப்பாகத் தோன்றியதும் இல்லை. எதிரே இயந்திரம் நின்ற பிறகுதான் அது தனி மதிப்பாயிற்று. 1851இல் லண்டன் படிகமாளிகையில் நடந்த பெருங்கண்காட்சி, பிரிட்டனின் இயந்திர உற்பத்தியை உலகுக்குக் காட்டியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் தம் ‘தி ஸ்டோன்ஸ் ஆஃப் வெனிஸ்’ நூலின் இரண்டாம் தொகுதியில் கோதிக் கட்டடங்களைப் பற்றி எழுதிய அத்தியாயம், ஆலை நாகரிகத்தின் மீதான கடுமையான விமர்சனமாக அமைந்தது. தொழிலாளியிடம் பிசிறற்ற ஒழுங்கை மட்டும் எதிர்பார்ப்பது அவரைக் கருவியாக்கிவிடுகிறது என்பது ரஸ்கினின் வாதம். இடைக்காலக் கல்தச்சரின் கரடுமுரடான உருவங்கள், அவர் சுதந்திரமாகச் சிந்தித்தார் என்பதற்கான சான்று என்றார். குறை ஒரு நிறையாக மாறியது இங்கேதான்.

இதைச் செயலாக்க முனைந்தவர் வில்லியம் மாரிஸ். 1861இல் தொடங்கிய நிறுவனத்தின் வழியாகக் கையச்சுத் துணிகளும் சுவர்த்தாள்களும் அறைகலன்களும் செய்தார். சாயத்தொட்டியில் தானே கை நனைத்து அவுரிச் சாயம் போடக் கற்றார். 1891இல் கெல்ம்ஸ்காட் அச்சகத்தை நிறுவினார். அது 1896இல் வெளியிட்ட ஆங்கிலக் கவிஞர் சாசரின் நூல் தொகுப்பு, தாளில் 425 பிரதிகள் அச்சானது. ஒரு பிரதியின் விலை 20 பவுண்டு, அன்றைய தொழிலாளி ஒருவரின் பல வாரக் கூலி. உழைப்பவரின் வாழ்வை அழகாக்க வேண்டும் என்று பேசிய சோஷலிஸ்டான மாரிஸின் பொருள்களைச் செல்வர்கள் மட்டுமே வாங்க முடிந்தது. கைவினை இயக்கங்களின் தீராத முரண்பாடு இது: செய்பவருக்கு நியாயமான கூலி கொடுத்தால், செய்பவரைப் போன்ற இன்னொருவரால் அந்தப் பொருளை வாங்க முடிவதில்லை.

சார்லஸ் ஆஷ்பியின் கைவினைச் சங்கம் இன்னொரு பாடம். 1888இல் கிழக்கு லண்டனில் தொடங்கி, 1902இல் சிப்பிங் கேம்டன் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்த அந்தச் சங்கம் சில ஆண்டுகளிலேயே நொடித்துப்போனது. அதே பாணி வெள்ளிப் பாத்திரங்களை லண்டனின் லிபர்ட்டி கடை இயந்திர உதவியுடன் மலிவாகச் செய்து விற்றது அதற்கு ஒரு காரணம். கைப்பொருளின் தோற்றத்தைக் கையில்லாமலே தரமுடியும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இந்தக் கைவினை இயக்கம் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்துசேர்ந்தது ஆனந்த குமாரசாமி வழியாக. தமிழரான சர் முத்து குமாரசாமிக்கு 1877இல் கொழும்பில் பிறந்த இவர், இலங்கையின் கனிமவள ஆய்வுக்குத் தலைமை வகித்தபோது கண்டிப் பகுதியின் கைத்தொழில்கள் நசிவதை நேரில் கண்டார். அந்த அனுபவத்தில் எழுதிய ‘மீடியவல் சிங்களீஸ் ஆர்ட்’ நூலை, மாரிஸ் பயன்படுத்திய அதே கையச்சுப் பொறியில் 1908இல் அச்சிட்டு முடித்தார். அடுத்த ஆண்டு வெளியான ‘தி இந்தியன் கிராஃப்ட்ஸ்மேன்’, கைவினைஞரின் தரத்துக்குக் காரணம் தனி மனிதத் திறமை மட்டுமல்ல, பரம்பரைப் பயிற்சியும், ஊரும் கோயிலும் அரசும் அளித்த பாதுகாப்பும் சேர்ந்தே அதை உருவாக்கின என்றது.

ஜப்பானும் பெயரற்ற கைவினைஞரும்

ஜப்பானில் இந்தச் சிந்தனை வேறு திசையில் சென்றது. சிந்தனையாளர் யானகி சோயெட்சு, 1920களின் நடுவில் குயவர்களான ஹமாதா ஷோஜி, கவாய் கஞ்சிரோ ஆகியோருடன் சேர்ந்து ‘மிங்கே’ என்ற மக்கள் கைவினை இயக்கத்தைத் தொடங்கினார். 1936இல் டோக்கியோவில் அதற்கென அருங்காட்சியகம் நிறுவினார். அவருக்குக் கலைஞரின் கையெழுத்து முக்கியமல்ல. பெயர் தெரியாதவர்கள், அன்றாடப் புழக்கத்துக்காக, ஏராளமாக, மலிவாகச் செய்த பொருள்களில்தான் உயர்ந்த அழகு இருக்கிறது என்பது அவர் கொள்கை. அவர் அடிக்கடி எடுத்துக்காட்டியது கிசாயெமோன் என்ற தேநீர்க் கிண்ணம். கொரியாவில் சாதாரணப் புழக்கத்துக்கு வனையப்பட்டது என்று யானகி கருதிய அந்தக் கிண்ணம், ஜப்பானியத் தேநீர்ச் சடங்கின் ஆசான்களால் போற்றப்பட்டு, இன்று கியோட்டோவில் தேசியச் செல்வமாகப் பாதுகாக்கப்படுகிறது.

ரஸ்கினுக்குக் கைவேலையின் மதிப்பு தனி மனிதச் சுதந்திரத்தில் இருந்தது. யானகிக்கு அது ‘நான்’ மறைவதில் இருந்தது. ஒருவர் கண்ட கரடுமுரடு சிந்தனையின் தடம். மற்றவர் கண்ட கரடுமுரடு, ஆயிரம் முறை செய்து பழகிய கை எதையும் யோசிக்காமல் விட்டுச்சென்ற தடம். நேரெதிரான இரண்டு காரணங்களுக்காக ஒரே வகைப் பொருள் போற்றப்பட்டது. மிங்கே இயக்கத்துக்கும் மாரிஸின் முரண்பாடு நேர்ந்தது. பெயரற்ற கைவினையைப் போற்றிய ஹமாதா 1955இல் வாழும் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டார். அவர் கிண்ணங்கள் சேகரிப்பாளர்களின் பொருளாயின.

கதரும் கூலியும்

இந்தியாவில் காந்தி இந்தக் கேள்வியை முழுக்கச் செய்பவரின் பக்கம் திருப்பினார். கதரின் அழகோ மென்மையோ அவர் வாதத்தின் மையமல்ல. வருடத்தில் பல மாதங்கள் வேலையற்றிருக்கும் கிராமக் குடும்பத்துக்கு இராட்டை வருமானம் தரும் என்பதும், நூற்பவர் யாருக்கும் கீழானவரல்லர் என்பதும்தான் அவர் சொன்னவை. 1925இல் அகில இந்திய நூற்போர் சங்கமும், 1934இல் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கமும் தோன்றின. பின்னதன் செயலாளராக இருந்த ஜே.சி.குமரப்பா தஞ்சாவூரில் பிறந்தவர். உற்பத்தி முறை, அதில் ஈடுபடுபவரின் அறிவையும் பண்பையும் வளர்க்கிறதா, மழுங்கடிக்கிறதா என்பதைக் கொண்டும் பொருளாதாரத்தை அளக்க வேண்டும் என்றவர். 1935இல் நூற்போருக்குப் பிழைப்புக்குப் போதுமான கூலி தரவேண்டும் என்று காந்தி வலியுறுத்தியபோது, கதர் விலை ஏறி விற்பனை விழும் என்ற எதிர்ப்பு இயக்கத்துக்குள்ளேயே எழுந்தது. வாங்குபவர் கொடுக்கத் தயாராக இருக்கும் விலைக்கும் செய்பவர் வாழத் தேவையான கூலிக்கும் இடையிலான இந்த இடைவெளி இன்றும் அடைபடவில்லை.

விடுதலைக்குப் பிறகு, 1952இல் அமைந்த அகில இந்தியக் கைவினை வாரியத்தின் தலைவராகக் கமலாதேவி சட்டோபாத்யாய பொறுப்பேற்றார். தமிழ்நாட்டில் 1935 முதலே கோ-ஆப்டெக்ஸ் கைத்தறிச் சங்கங்களின் துணியை விற்றுவந்தது. 1973இல் கைத்திறத் தொழில் வளர்ச்சிக் கழகம் உருவாகிப் பூம்புகார் விற்பனை நிலையங்களை நடத்தத் தொடங்கியது. இந்த அமைப்புகள் கைவினையைப் பிழைப்பு என்ற நிலையில் காப்பாற்றவும், பண்பாட்டுச் சின்னமாக விற்கவும் ஒரே நேரத்தில் முயன்றன. இரண்டு நோக்கங்களும் எப்போதும் ஒத்துப்போகவில்லை.

கை உண்மையில் என்ன செய்கிறது?

கருத்துகளை விட்டு வேலையைப் பார்த்தால், கையின் பங்கு பொருளுக்குப் பொருள் வேறுபடுவது தெரியும். இரண்டு எடுத்துக்காட்டுகள் இதற்குப் போதும்.

சுவாமிமலையில் ஸ்தபதிகள் செய்யும் செப்புத்திருமேனி, மெழுகு உருவாகத் தொடங்குகிறது. தேன்மெழுகுடன் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் தலை, உடல், கை, ஆயுதம் என்று பகுதி பகுதியாக உருட்டிச் சூடான கரண்டியால் இணைக்கிறார்கள். அளவுக்கு ஒடியோலை என்ற தென்னை ஓலை நறுக்கு உண்டு. சிலையின் உயரத்துக்கு ஓலையை வெட்டி, சிற்ப நூல்களின் தாளக் கணக்குப்படி மடித்துக்கொண்டால், முகம் எவ்வளவு, கழுத்து எவ்வளவு, மார்பு எவ்வளவு என்பது மடிப்புகளில் கிடைத்துவிடும். மெழுகு உருவின் மேல் முதலில் காவிரியின் மிருதுவான வண்டலைப் பூசுகிறார்கள். நகத்தின் கோடுவரை பதிவது இந்தப் பூச்சில்தான். அது நிழலில் உலர்ந்தபின் மணல் கலந்த களிமண் பூச்சுகள், பெரிய சிலையானால் இரும்புக் கம்பிக் கட்டு. பிறகு வறட்டி நெருப்பில் சூடாக்க, மெழுகு உருகி வெளியேறுகிறது. அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண் அச்சை உடைக்கிறார்கள்.

அச்சு உடைந்துவிடுவதால் அதே சிலையை இன்னொரு முறை வார்க்க முடியாது. காற்று அடைபட்டு ஒரு விரல் நிரம்பாமல் போனால், பல நாள் மெழுகு வேலையும் அதோடு போய்விடும். இத்தனைக்கும் இந்த வேலையில் ஸ்தபதியின் தன்னிச்சைக்கு இடம் குறைவு. அளவும் முத்திரையும் ஆயுதமும் மரபு வகுத்தவை. கணக்கு ஒன்றாக இருந்தும் இரண்டு நடராசர்கள் வேறுபடுவது, கணக்குக்குள் அடங்காத இடுப்பின் வளைவு, இதழின் கோடு போன்றவற்றில். டேவிட் பை சொன்ன இடரும் தீர்ப்பும் இந்தச் சிறு இடத்தில்தான் குவிந்திருக்கின்றன.

காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் இன்னொரு வகைத் தீர்ப்பு. உடல் ஒரு நிறம், கரை அதற்கு மாறான இன்னொரு நிறம். சாதாரணத் தறியில் ஊடை இழை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நேராக ஓடும். உடலின் ஊடை கரையின் பாவோடு கலந்து, கரையின் நிறம் மங்கிவிடும். கோர்வையில் மூன்று நாடாக்கள். உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒவ்வொன்று. உடலின் ஊடை கரைக்குள் நுழையாமல், எல்லையில் கரையின் ஊடையோடு கோர்த்துத் திரும்பும். நெசவாளியோடு பக்கத்தில் இன்னொருவரும் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைக் கொடுக்கவேண்டும். ஒவ்வொரு ஊடைக்கும் இந்தக் கோர்ப்பு உண்டு. இழுப்பு கூடினால் சேலை சுருங்கும், தளர்ந்தால் கண் தெரியும். கரையின் நிறம் துளியும் கலங்காமல் நிற்பது அலங்காரமல்ல, இந்தக் கோர்ப்பின் நேரடி விளைவு. ஜக்கார்டு அட்டை உருவத்தைத் தீர்மானித்தாலும், கோர்வையைத் தீர்மானிப்பது கையே.

கைக்கு உரியதும் பொருளுக்கு உரியதும்

கைப்பொருளுக்குச் சொல்லப்படும் சிறப்புகளில் சில உண்மையில் கையால் வந்தவை அல்ல. மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்குக் காரணம், சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியாக நீர் கசிந்து ஆவியாவது. இயந்திரத்தால் அழுத்தி வார்த்த மண்பானையும் அதே மண்ணும் அதே சூடும் என்றால் அப்படியே குளிரும். ஆட்டுக்கல்லில் அரைத்த மாவின் பக்குவம், கல் மெதுவாக, அதிகம் சூடேறாமல் அரைப்பதால் வந்தது. அதனால்தான் கோயம்புத்தூரில் உருவான வெட் கிரைண்டர், கையை விலக்கிவிட்டுக் கல்லை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டுப் பெண்களின் பெரும் உழைப்பை மிச்சப்படுத்த முடிந்தது. அங்கே கை இருந்ததால் கிடைத்தது இடுப்புவலி மட்டுமே.

கைத்தறிப் பருத்தித் துணியின் இதத்தில் இரண்டும் கலந்திருக்கின்றன. விசைத்தறியின் வேகத்தைத் தாங்க நூலில் முறுக்கும் இழுப்பும் கூடுதலாக வேண்டும். கைத்தறியின் நிதானத்துக்கு அவ்வளவு வேண்டாம். துணி மிருதுவாவதற்குக் காரணம் கை அல்ல, வேகக்குறைவு. அந்த வேகக்குறைவைத் தருவது கை. பத்தமடைப் பாயில் கையின் பங்கு இன்னும் தெளிவானது. தாமிரபரணிக் கரையின் கோரையை நூலிழைபோல மெல்லியதாகக் கிழித்து, நீரில் ஊறவைத்து, நூற்பாவில் நெய்யும்போது பாய் துணியைப்போல மடியும். ஒவ்வொரு கோரையும் தடிமனில் வேறுபடுவதால், எங்கே கிழிப்பது என்பதை விரல்தான் உணரவேண்டும். மூலப்பொருள் சீராக இல்லாத இடத்தில் கை இன்றியமையாதது. சீரான மூலப்பொருளில் அதன் தேவை குறைகிறது. கைத்தொழில்களில் எவை இயந்திரத்தைத் தாக்குப்பிடித்தன, எவை மறைந்தன என்பதைப் பெருமளவுக்கு இந்த ஒரு விதி விளக்கும்.

வாங்குபவர் மனம்

பொருளில் வேறுபாடே இல்லாதபோதும் கையால் செய்தது என்ற செய்தி மட்டுமே மதிப்பைக் கூட்டுகிறது என்பதை உளவியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஜஸ்டின் குரூகரும் சக ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கவிதையை எழுத 4 மணி நேரம் ஆனது என்று சிலரிடமும், 18 மணி நேரம் ஆனது என்று வேறு சிலரிடமும் சொன்னார்கள். இரண்டாம் குழு அந்தக் கவிதையை உயர்வாக மதிப்பிட்டது. தரத்தை அளக்கத் தெரியாத இடத்தில் மனிதர்கள் உழைப்பைக் கொண்டு தரத்தை ஊகிக்கிறார்கள்.

கிறிஸ்தோஃப் ஃபுக்ஸும் வேறு இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு நேரடியாகக் கைப்பொருள் பற்றியது. கையால் செய்த பொருளில் அன்பு கலந்திருப்பதாக மக்கள் உணர்கிறார்கள் என்பது அதன் முடிவு. நெருங்கியவர்களுக்குப் பரிசு வாங்கும்போது கைப்பொருளை நாடுகிறார்கள்; அவ்வளவு நெருக்கமில்லாதவர்களுக்கு வாங்கும்போது அந்த நாட்டம் தெரிவதில்லை. அன்பைத் தெரிவிப்பதற்காக வாங்கும்போது கொடுக்கும் விலை, நன்றாக வேலை செய்யும் பொருளைத் தேடி வாங்கும்போது கொடுப்பதைவிட அதிகம். கைப்பொருளின் ஈர்ப்பு பயன்பாட்டைவிட உறவோடு நெருக்கமானது என்பதற்கு இது நல்ல சான்று. கல்யாணத்துக்குக் கைத்தறிப் பட்டு எடுக்கும் குடும்பம், அன்றாட உடுப்புக்கு அந்தக் கேள்வியையே எழுப்பாததும் இதோடு ஒத்துப்போகிறது.

தானே செய்த பொருளின் மீதான பற்று இன்னொரு வகை. மைக்கேல் நார்ட்டனும் சக ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கமில்லாதவர்கள் தாங்கள் மடித்த காகித உருவங்களை ஏறத்தாழ வல்லுநர் செய்தவற்றுக்கு இணையாக மதித்தார்கள். மற்றவர்களின் கண்ணுக்கு அவை கசங்கிய காகிதமாகவே தெரிந்தன. வேலையை முடிக்காமல் விட்டபோது இந்தப் பற்று உண்டாகவில்லை. பொழுதுபோக்காகப் பின்னல், மண்பாண்டம், மரவேலை கற்பவர்கள் பெருகுவதன் காரணத்தை இதில் காணலாம். அவர்கள் தேடுவது பொருளை அல்ல, செய்து முடித்த நிறைவை.

வெப்லனின் எதிர்வாதம்

கைப்பொருளின் ஈர்ப்பைக் கடுமையாகக் கேள்வி கேட்டவர் அமெரிக்கப் பொருளியலாளர் தோர்ஸ்டைன் வெப்லன். 1899இல் வெளியான ‘தி தியரி ஆஃப் தி லெஷர் கிளாஸ்’ நூலில் கையால் அடித்த வெள்ளிக் கரண்டியையும் இயந்திரத்தில் செய்த கரண்டியையும் ஒப்பிட்டார். சாப்பிட இரண்டும் ஒன்றுபோலவே உதவும். விலையோ பல மடங்கு வேறு. கரண்டி கையால் செய்ததல்ல என்று தெரியவந்த நொடியில் அதன் அழகும் குறைந்துவிடுகிறதென்றால், ரசித்தது அழகை அல்ல, செலவை என்பது அவர் முடிவு. குறை இருப்பதே உயர்வு என்ற ரஸ்கின், மாரிஸ் பாணியை, மலிவான பொருள்கள் பிசிறற்றவை ஆகிவிட்ட காலத்தின் அந்தஸ்துச் சின்னமாக அவர் கண்டார்.

வெப்லன் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் கரண்டி அவருக்கு வசதியான எடுத்துக்காட்டு. உலோகம் சீரான மூலப்பொருள், கரண்டி எளிய வடிவம். கோர்வைக் கரைக்கோ பத்தமடைப் பாய்க்கோ அவர் வாதம் அப்படியே பொருந்தாது, ஏனெனில் அங்கே கையின் வேலை பொருளிலேயே தெரிகிறது. அவருடைய வாதத்தை ஒரு சோதனையாகக் கொள்வதே பயன் தரும்: எப்படிச் செய்யப்பட்டது என்று தெரியாமலே பொருளின் சிறப்பை உணர முடிகிறதா?

முத்திரையும் போலியும்

கைப்பொருளுக்குக் கூடுதல் விலை இருக்கும்வரை போலியும் இருக்கும். அதைத் தடுக்க அரசுகள் முத்திரைகளை நாடின. இந்தியாவில் 1999இல் நிறைவேறி 2003இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் கீழ் காஞ்சிபுரம் பட்டு, சுவாமிமலைச் சிலைகள், பத்தமடைப் பாய், பவானி ஜமக்காளம், செட்டிநாட்டுக் கொட்டான், தஞ்சாவூர் வீணை உள்ளிட்டவை பதிவு பெற்றன. 2006இல் கைத்தறி முத்திரை வந்தது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முதலில் கைத்தறிக்கு ஒதுக்கப்பட்ட 22 ரகங்கள் பின்னர் 11 ஆகக் குறைந்தன.

ஊரையும் முறையையும் முத்திரையால் சான்றளிக்க முடியும். வேலையின் தரத்தை அளக்க முடியாது. கூலியைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஒரு காஞ்சிபுரச் சேலை முழு விதிப்படி நெய்யப்பட்டும் சுமாராக இருக்கலாம். நெய்தவர் கடனில் இருக்கலாம். இணைய விற்பனையில் எல்லை இன்னும் மங்கியது. கைப்பொருளுக்கென 2005இல் தொடங்கிய எட்ஸி, விற்பனையாளர்கள் வெளி உற்பத்தியாளர்களைப் பயன்படுத்த 2013இல் அனுமதித்தது. வடிவமைத்தவர் ஒருவர், செய்தவர் வேறொருவர் என்றானபோது, கைப்பொருள் என்ற சொல் யாருடைய கையைக் குறிக்கிறது என்பது கேள்வியானது.

பொருளைச் சுற்றிச் சொல்லப்படும் கதையைப் போலி செய்வது எளிது. வேண்டுமென்றே கோணலாக வார்த்த தட்டுகளும், நூல் திரள் விட்டு நெய்த ஆலைத் துணியும் கடைகளில் கிடைக்கின்றன. ரஸ்கின் சுதந்திரத்தின் அடையாளமாகக் கண்ட குறை, இப்போது ஆலையின் வடிவமைப்புத் துறையில் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது. அனுபவமுள்ள நெசவாளிகள் குறையைத் தேடுவதில்லை. சேலையின் பின்பக்கத்தைத் திருப்பிக் கோர்வையின் இணைப்பைப் பார்க்கிறார்கள். ஓரத்தில், துணியை அகலமாக இழுத்துப் பிடித்த குச்சியின் முள் பதிந்த துளைகளைப் பார்க்கிறார்கள். கைத்தொழிலில் தேர்ந்தவருக்குக் குறை பெருமையல்ல. சீராக வரவேண்டும் என்றே அவர் பாடுபடுகிறார்.

செய்பவரின் பக்கம்

கைவேலையைப் போற்றும் எழுத்தில் அதிகம் மறைந்துபோவது, செய்பவரின் நிலை. 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 35 லட்சத்துக்கும் அதிகமானோர் நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் இருக்கிறார்கள், பெரும்பான்மையோர் பெண்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நெசவுக் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. காஞ்சிபுரம் பட்டுத்தறிகளில், கடனுக்கு ஈடாகக் குழந்தைகள் வேலை செய்த காலமும் இருந்தது. கையால் செய்தது என்பதால் ஒரு பொருள் நேர்மையானதாகிவிடாது.

பரம்பரை பற்றியும் இதே எச்சரிக்கை தேவை. குமாரசாமி பாதுகாப்பாகக் கண்ட பரம்பரைத் தொழில்முறை, சாதி அமைப்பின் பகுதி. சாதி வேலையைப் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரித்தது என்று அம்பேத்கர் 1936இல் வெளியான தம் சாதி ஒழிப்பு நூலில் வாதிட்டார். ஒரு குயவரின் மகன் மென்பொறியாளர் ஆவதைக் கைவினையின் இழப்பாக மட்டும் பார்ப்பது, அவர் மீது பிறப்பின் அடிப்படையில் ஒரு கடமையைச் சுமத்துவதாகும்.

ஆனாலும் இழப்பு உண்மையானது. தத்துவவாதி மைக்கேல் பொலானி விளக்கியதுபோல, மனிதர்கள் சொல்லக்கூடியதைவிட அதிகம் அறிந்திருக்கிறார்கள். வண்டல் எந்தப் பதத்தில் பூசத் தயார், கோரை எங்கே கிழியும், பாவின் இழுப்பு எவ்வளவு என்பவை விரலில் இருக்கும் அறிவு. பக்கத்தில் உட்கார்ந்து பல ஆண்டுகள் செய்தால் அன்றி அது கைமாறாது. ஒரு தலைமுறை விட்டுப்போனால், நூலிலிருந்தோ காணொளியிலிருந்தோ அதை முழுமையாக மீட்க முடியாது. இந்த அறிவைப் பிறப்போடு கட்டாமல், விரும்பி வருபவர் கற்கும் தொழிலாக மாற்ற முடியுமா என்பதைத் தீர்மானிப்பது கூலிதான். பல ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகு கிடைப்பது கட்டட வேலைக் கூலியைவிடக் குறைவு என்றால், மரபின் பெருமையைச் சொல்லி யாரையும் தறியில் உட்காரவைக்க முடியாது.

தொகுப்பு

கைப்பொருளின் மதிப்புக்குச் சொல்லப்படும் காரணங்களை, இந்த ஆய்வின் அடிப்படையில், நான்காகப் பிரிக்கலாம். முதலாவது, கையின் தீர்ப்பு பொருளில் விட்டுச்செல்லும் தரம். கோர்வையும் பத்தமடைப் பாயும் இதற்குச் சான்று. இரண்டாவது, மூலப்பொருளிலிருந்தோ வேகக்குறைவிலிருந்தோ வருவது. இதற்குக் கை ஒரு வழி, ஒரே வழியல்ல. மூன்றாவது, வாங்குபவர் மனத்தில் உண்டாகும் அன்பு, உறவு, அந்தஸ்து. பொருள் மாறாமலே இவை மாறக்கூடியவை. நான்காவது, செய்பவருக்குக் கிடைக்கும் நிறைவும் பிழைப்பும். கூலி இல்லாவிட்டால் நிறைவு மட்டும் நிலைக்காது.

சந்தை மிகத் தாராளமாக விலை கொடுப்பது மூன்றாவதற்கு. கதையிலும் முத்திரையிலும் கோணல் விளிம்பிலும் அது உடனே கண்ணுக்குத் தெரிகிறது. அதனாலேயே அது எளிதில் போலியாகவும் செய்யப்படுகிறது. முதலாவது போலி செய்யக் கடினமானது. ஆனால் பார்க்கத் தெரிந்தவருக்கு மட்டுமே தெரிவது. சேலையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் வாங்குபவர் குறையக் குறைய, நல்ல வேலைக்கும் சுமாரான வேலைக்கும் ஒரே விலை என்றாகி, நல்ல வேலை செய்பவருக்கு அதைத் தொடரக் காரணம் இல்லாமல் போகிறது. ஆகவே, கைத்தொழிலைக் காக்கும் திட்டங்களில் முத்திரைக்கும் கண்காட்சிக்கும் கொடுக்கப்படும் இடத்தில் ஒரு பங்கையாவது, வேலையின் தரத்தை வாங்குபவர் அறிந்துகொள்ளச் செய்வதற்கும், தரத்துக்கு ஏற்பக் கூலியை உயர்த்துவதற்கும் ஒதுக்குவதே பொருத்தமாக இருக்கும்.